பவளக்கொடியின் பிரீமியம் பந்து

பவளக்கொடி அடித்த பந்து கீழே இறங்காமல் ஆகாயத்திலேயே தங்கிவிட்ட வருடத்தில்தான் எங்கள் காலனிக்கு ரேஷன் கடை வந்தது, சாரல்மேடு பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தார், பீன்ஸ் அமோகமாக விளைந்து வாங்க ஆளில்லாமல் கிடந்தது. இந்த நான்கையும் நாங்கள் ஒரே மூச்சில்தான் சொல்லுவோம், ஏனென்றால் நான்கும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே அளவு தொந்தரவைத்தான் கொடுத்தன.

எங்கள் காலனிக்குப் பெயர் கேடி காலனி. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நடக்கிற வேலைக்குக் கேடி என்று பெயர், வெள்ளைக்காரர்கள் மலையேறி வந்து சாரல்மேட்டில் கிளப் கட்டிய காலத்திலிருந்து எங்கள் ஆண்களுக்கு அதுதான் வேலை. கீழே சமவெளியில் கேடி என்றால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்கும் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை கேடி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது காபியை நிதானமாகக் குடித்து முடிக்க எங்களுக்குப் பழகிவிட்டது.

காலனிக்கும் ஊருக்கும் நடுவே கோல்ஃப் மைதானம் படுத்திருக்கிறது. அதன் ஏழாவது குழியை ஒட்டி ஒரு ஒற்றையடித் தடம் போகிறது, அந்தத் தடத்தில் நடந்தால் கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மயானம் எதற்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். தடம் இல்லாவிட்டால் மலையைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர், அதுவும் பஸ் வந்தால். தடம் கிளப்பின் நிலத்தில் போகிறது என்று கிளப் சொல்லும், கிளப்தான் எங்கள் தடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று நாங்கள் சொல்லுவோம், இந்தச் சண்டை வெட்டு குத்தில் முடியாமலிருக்க அந்தக் காலத்துத் துரை ஒருத்தர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டுப் போனார். வருடா வருடம் தை மாதத்து மூன்றாம் ஞாயிறு கிளப் சார்பில் ஒருத்தர், காலனி சார்பில் ஒருத்தர் ஏழு குழி ஆட வேண்டும். ஜெயிப்பவர் சொன்னபடி அந்த வருடம் தடம் திறந்திருக்கும், அல்லது அடைபடும். தடப்போட்டி என்று அதற்குப் பெயர்.

பதினோரு வருடமாகக் காலனிக்காக ஆடி ஜெயித்தவர் சங்கையா. மட்டையை வீசினார் என்றால் காற்று விசிலடிக்கும், பந்து போன பிறகுதான் சத்தம் வரும் என்று நாங்கள் மிகைப்படுத்திச் சொல்லுவோம், அதில் பாதியாவது உண்மைதான். அப்புறம் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும், படுத்து எழுந்தால் நாலு எட்டு வைக்கத் தெம்பிருக்காது. அவர் மனைவி பவளக்கொடி ஒரு பழைய மட்டைப்பைத் தள்ளுவண்டியில் பலகை அடித்து, மெத்தைத் துண்டு போட்டு, அதில் அவரை உட்காரவைத்துத் தடத்தில் தள்ளிக்கொண்டு போவாள். சங்கையா உயிரோடிருப்பது மெஷினாலா தடத்தாலா என்று கேட்டால் பெரிய டாக்டரே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லுவார்.

அந்த வருடம் கிளப்புக்கு பத்ரிநாத் என்று ஒரு புது செக்ரட்டரி வந்தார். கெட்டவரில்லை, ஒழுங்குக்காரர், அதுதான் தொல்லை. வருடா வருடம் இந்தக் கூத்து எதற்கு, இதுவே கடைசிப் போட்டி, ஜெயித்தவர் சொல்வது என்றென்றைக்கும் செல்லும் என்று நோட்டீஸ் ஒட்டினார். அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. கிளப்பின் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர் கிளப்பை எதிர்த்து ஆடக் கூடாது. சங்கையா படுத்த பிறகு தடப்போட்டி ஆடி வந்த இளவட்டங்கள் உட்பட எங்கள் ஆண்கள் எல்லோருமே ஒப்பந்தத்தில் இருந்தார்கள்.

மிச்சமிருந்தது பெண்கள், பெண்களில் மட்டை பிடிக்கத் தெரிந்தவள் பவளக்கொடி ஒருத்திதான். அவள் தொழில் பந்து பொறுக்குவது. மெம்பர்கள் அடித்துத் தொலைக்கிற பந்துகளை ஓடையிலும் புதரிலும் தேடி எடுத்து, கழுவி, தரம் பிரித்து அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பாள். ஓடைக்கு அக்கரையில் கிடைக்கிற பந்துகளை மூட்டையாகக் கட்டி முழங்கால் தண்ணீரில் சுமந்து வர முடியாதென்று, இக்கரையில் ஒரு கோணிச் சாக்கை விரித்துப் போட்டுவிட்டு, பிடி ஒட்டுப்போட்ட ஒரு ஏழாம் நம்பர் இரும்பு மட்டையால் ஒவ்வொன்றாக அந்தச் சாக்கின்மேல் அடித்துப் போடுவாள். இருபது வருடமாக அடித்தாள். வேகமெல்லாம் கிடையாது, ஈரச் சேலையை உதறிக் கொடியில் போடுகிற வேகம்தான். ஆனால் பந்து சாக்கைத் தவறவிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

எதிர்த்து ஆடப்போவது ரிஷிகேசன், கோயம்புத்தூர் மில்காரர், முப்பத்திரண்டு வயது, அவர் அடித்தால் பந்து ஜில்லா தாண்டும். ஏழாவது குழிக்கு ஓடையைத் தாண்டி நூற்று முப்பது கஜம். பவளக்கொடி அதுவரை அடித்துப் பழகியதைவிட அது முப்பது கஜம் அதிகம்.

சங்கையா தகரப்பெட்டியைத் திறந்து, தான் கடைசியாக ஜெயித்த பந்தை வேட்டித் துணியிலிருந்து அவிழ்த்து அவள் கையில் வைத்தார்.

"இந்தா. இதுல அடி. இதுக்குத் தடம் தெரியும்."

அது கெட்டிப் பந்து. கேடிகளாகிய எங்களுக்குப் பந்தில் நூறு பெயர் கிடையாது, கெட்டி, மெத்து, குப்பை, மூன்றே மூன்றுதான். உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் கெட்டிப் பந்துதான் ஆடுகிறார்கள், வேகமாக அடிக்கிறவன் கையில் அது நசுங்கி, நசுங்கிய கோபத்தில் பறக்கும். பவளக்கொடி மூன்று நாள் அதை அடித்துப் பார்த்தாள். மூன்று நாளும் பந்து அம்மிக்கல் மாதிரி அசையாமல் அடியை வாங்கிக்கொண்டு, அவள் மணிக்கட்டைச் சுளுக்கிவிட்டு, ஓடைக்குள் போய் உட்கார்ந்தது. காலைக் குளிரில் இன்னும் மோசம்.

நாலாம் நாள் அவள் வீட்டிலிருந்த உரச்சாக்கு ஐந்தையும் கவிழ்த்தாள். வீட்டு வாசலெல்லாம் பந்து. துவைக்கிற கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தையும் இடுப்பு உயரத்திலிருந்து கல்லில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டாள். "டக்" என்றால் கெட்டி, ஒதுக்கினாள். "டொக்" என்றால் மெத்து, வைத்துக்கொண்டாள். பிறகு மெத்துப் பந்துகளின் தோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம் வழுக்கினால் அது பிளாஸ்டிக் தோல், தூரமாகப் போகும், ஆனால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பச்சைத்தரையில் இறங்கினால் நிற்காமல் உருண்டு ஊரைவிட்டே போய்விடும். நகம் லேசாகப் பதிந்தால் அது புல்லைக் கவ்விப் பிடிக்கும். உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், தோலும் கவ்வ வேண்டும், அப்படிப்பட்ட பந்து லேசில் கிடைப்பதில்லை. நாற்பது நாற்பத்தைந்து பந்துகளை அக்கரைக்கு எடுத்துப்போய் அடித்து, அவற்றையும் கழித்துக் கழித்துக் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. எந்த மெம்பரோ தொலைத்துவிட்டுப்போனது, புதரில் கிழிந்த அட்டைப்பெட்டியோடு தண்ணீர் படாமல் கிடந்த புதுப் பந்து. அதை அடித்தபோது கையில் ஒன்றுமே தெரியவில்லை என்று பவளக்கொடி சொன்னாள். அடித்தோமா இல்லையா என்று கீழே குனிந்து பார்த்தாளாம். பந்து அங்கே இல்லை, சாக்கைத் தாண்டி முப்பது கஜத்தில் கிடந்தது.

அன்று சாயங்காலம் சங்கையாவிடம் சொன்னாள்.

"உங்க பந்து நல்ல பந்துதாங்க. உங்க கைக்கு அது சரி. என் வேகத்துக்கு அது மசிய மாட்டேங்குது."

"பதினோரு வருசம் மசிஞ்ச பந்து."

"உங்களுக்கு மசிஞ்சிச்சு. நான் என்னத்துக்கு உங்கள மாதிரி வீசப்போறேன்? எனக்கு வர்ற வேகந்தான எனக்கு வரும்."

சங்கையா பந்தை வாங்கித் திரும்ப வேட்டித் துணியில் கட்டினார். "என்னமும் பண்ணு" என்றார். சீக்கு வந்து மூன்று வருடமாகியும், இனி தான் மட்டை பிடிக்கப்போவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாகப் புரிந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

இந்த இடத்தில் அழகுமலையைச் சொல்லியாக வேண்டும். பவளக்கொடியின் அண்ணன், எந்த மெம்பருக்கு எந்தக் கேடி என்று பிரித்து அனுப்புகிற மேஸ்திரி, மிச்ச நேரத்தில் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். காலனியில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் அவர்தான். அந்தக் கிழிந்த அட்டைப்பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, இது சாதாரணப் பந்து இல்ல. பிரீமியம் பந்து."

"அப்படின்னா?"

"பாலிசி மாதிரிதான். கையில வந்துருச்சேன்னு சும்மா விட்டுறக் கூடாது. தவறாமக் கட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு தவணை விட்டோம்னா லாப்ஸ் ஆயிரும். ஒழுங்காக் கட்டுனோம்னா மெச்சூரிட்டி ஆகும்போது மொத்தமா வரும்."

பந்துக்கு எதைக் கட்டுவது என்று காலனி கூடிப் பேசியது. பந்து காசு வாங்காது. கடைசியில் தைக்குளிரில் ஒரு பந்துக்கு என்ன தேவையோ அதைக் கொடுப்பது என்று முடிவானது, அதாவது சூடு. முப்பத்திரண்டு வீடும் முறை போட்டுக்கொண்டது. ஆளுக்கு ஒரு நாள் பந்தைக் கம்பளித் துணியில் சுற்றி, மடியிலோ கக்கத்திலோ அடுப்போரமோ வைத்திருந்து, மறுநாள் காலையில் அடுத்த வீட்டில் ஒப்படைக்க வேண்டும். "இன்னைக்கு எங்க வீட்டுல பிரீமியம்" என்று சொல்லி அந்த வீட்டுக்காரர் அன்று வேலைக்குப் பிந்திப் போவார். பிரசவித்துப் பதினாறு நாளான செல்வராணி பச்சைப்பிள்ளையை ஒரு பக்கமும் பந்தை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். குளிர்ந்த பந்து மந்தமாகப் போகும், சூடான பந்து நன்றாகப் போகும் என்பது கோல்ஃப் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், பின்னாளில் ஒரு மெம்பர் அதை அழகுமலையிடம் விளக்கிச் சொன்னார். "அதத்தான் சார் நானும் சொன்னேன்" என்றார் அழகுமலை.

மூன்றாம் ஞாயிறு வந்தது. குறைந்த அடியில் முடிக்கிறவருக்கு அந்தக் குழி என்பது கணக்கு, ஆறு குழி முடிந்தபோது ஆளுக்கு மூன்று குழி. எஞ்சியது ஏழாவது. ரிஷிகேசன் சின்ன மட்டையால் ஒரே அடியில் பச்சைத்தரைக்குப் போய், இரண்டு தட்டில் குழிக்குள் போட்டு, மூன்றில் முடித்தார். பிறகு பவளக்கொடி பந்தடிக்கிற மேடையில் ஏறினாள், சேலையை இழுத்துச் செருகினாள், எதிரே முப்பத்திரண்டு வீடும் நிற்கிறதைப் பார்த்தாள், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த சங்கையாவைப் பார்த்தாள், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஈரச் சேலையை உதறுகிற மாதிரி வீசினாள்.

பந்து கிளம்பியது, ஓடையைத் தாண்டியது, யூக்கலிப்டஸ் மரத்தின் பாதி உயரத்துக்கு ஏறியது, குழிக்கு அறுபது அடி முன்னால் வரை போய், அங்கேயே நின்றது.

விழும் என்று காத்திருந்தோம். ரிஷிகேசன் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு மைனா வந்து பந்தின்மேல் உட்கார்ந்து, கால் வழுக்கிப் பறந்தது. பத்ரிநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டதால் நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

சாப்பிட்ட பிறகும் பந்து அங்கேயே இருந்தது. பொருத்தமில்லாத பந்தாக இருந்தால் அடித்த வேகம் கூடும் அல்லது குறையும், கூடியதாலோ குறைந்ததாலோதான் பந்து விழுகிறது, இந்தப் பந்துக்குப் பவளக்கொடியின் வேகம் கூடவுமில்லை குறையவுமில்லை, அதனால் விழுவதற்கு அதனிடம் காரணம் இல்லை என்று கிளப்பின் வயதான மெம்பர் ஒருவர் விளக்கம் சொன்னார். எங்களுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "இன்னும் மெச்சூரிட்டி ஆகல" என்றார் அழகுமலை. அதோடு பேச்சு முடிந்தது.

பத்ரிநாத் ஏணி கொண்டுவந்து பந்தை எடுத்துவிடலாம் என்றார். ஓடுகிற பந்தைத் தொடக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. இது ஓடவில்லையே, நிற்கிறதே என்றார் அவர். அப்போதுதான் பந்துக்கு வேர்க்கும் என்பது தெரிய வந்தது. மலைப்பனி அதன்மேல் படிந்து சொட்டாக இறங்கும், சொட்டு விழுந்த இடத்தில் புல் கொஞ்சம் அதிகமாகப் பச்சைகட்டும், இரண்டு வாரத்தில் அந்தப் பச்சை ஒரு புள்ளியாக இல்லாமல் அரை முழத்துக்கும் மேல் கோடாகக் குழியைப் பார்த்து நீண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை. பந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது, மெதுவாக. அழகுமலை மண்டிபோட்டுச் செக்ரட்டரிக்கு அளந்து காட்டினார். ஒழுங்குக்காரரான பத்ரிநாத் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு ஏணியைத் திருப்பி அனுப்பினார்.

ஆட்டம் முடியாதவரை முடிவு கிடையாது, முடிவு வராதவரை தடத்தை அடைக்க முடியாது. ஆட்டத்துக்கு நடுவே குழியை இடம் மாற்றவும் கூடாது, அதனால் வாராவாரம் குழியை மாற்றி வெட்டுகிற தோட்டக்காரர்கள் ஏழாவதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், கொடிக்கம்பை மாத்திரம் பிடுங்கி வைத்தார்கள். பந்து எப்போது விழுந்தாலும் சாட்சி வேண்டும் என்று, பந்து நின்ற மறுநாளே கிளப் ஆப்ரகாம் என்கிற வெளியூர் வாட்ச்மேனை நோட்டும் பேனாவும் கொடுத்துப் பந்துக்கு அடியில் உட்காரவைத்தது. அவர் மூன்று வேளையும் "பந்து மேலேயே இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெம்பர்கள் முதல் மாதம் குனிந்து நடந்தார்கள், அப்புறம் நிமிர்ந்தே நடந்தார்கள். பஸ் கண்டக்டர் "கேடி காலனி, பந்து ஸ்டாப்பு" என்று கூவ ஆரம்பித்தார். பந்தைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள், பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டு, வேகவைத்த கடலை வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். எங்கள் வீடுகளில் முறைப்படி பிரீமியம் தொடர்ந்தது, பந்து கையில் இல்லாததால் அந்தந்த வீட்டுக்காரர் காலையில் அடியில் போய் நின்று ஒரு நிமிடம் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடு காட்டிவிட்டு வேலைக்குப் போவார். ஒருத்தரும் ஒரு நாளும் விடவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் பவளக்கொடி சங்கையாவைத் தள்ளிக்கொண்டு பந்துக்குக் கீழாகப் போனாள். முதல் செவ்வாய்க்கிழமை அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "பவளம், நீ எடுத்த பந்து..." என்று ஆரம்பித்தார். பந்து ஒரு சாண் கீழே இறங்கியது. ஆப்ரகாம் பேனாவைத் திறந்தார். சங்கையாவுக்கு இருமல் வந்தது, இருமி முடித்துவிட்டு, "நீ எடுத்த பந்துல என்ன இருக்கு? தண்டம். என் கெட்டிப் பந்தா இருந்தா அன்னைக்கே விழுந்து ஆட்டம் முடிஞ்சிருக்கும்" என்றார். பந்து நின்றுவிட்டது. காற்று என்று நாங்கள் நினைத்தோம்.

அதற்கப்புறம் அவர் அந்தப் பாட்டை நிறுத்தவே இல்லை. வாரம் இரண்டு முறை, போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, மெஷின் உறிஞ்சிப் போட்ட களைப்பில் தலை தொங்கினாலும் பந்துக்கு அடியில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "தண்டப் பந்து, மெத்துப் பந்து, பொம்பள எடுத்த பந்து" என்று ஊருக்கே கேட்கத் திட்டுவார். எங்களுக்கே கோபம் வந்தது. அந்தப் பந்தால்தானே தடம் திறந்திருக்கிறது, தடத்தால்தானே இந்த மனிதர் உட்கார்ந்து திட்டுகிறார்?

பவளக்கொடி ஒரு வருடம் பொறுத்தாள். இரண்டாவது வருடம் ஓடையில் பந்து கழுவிக்கொண்டிருந்தபோது செல்வராணியிடம் உடைந்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் பெருசாக் கேக்கலடி. தூக்கி வச்சுக் கொண்டாட வேணாம். நல்லாத்தான் எடுத்தேன்னு ஒரே ஒரு வார்த்தை. அது அவரு வாயில வர மாட்டேங்குது. தடத்த அடைச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிக்காதோ என்னமோ."

அப்படிச் சொன்னதற்காக உடனே தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல வண்டியைத் தள்ளினாள்.

மூன்றாவது வருடம் ஐப்பசியில் பச்சைக் கோடு பச்சைத்தரைக்குள் நுழைந்து குழியை நெருங்கியது. அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது. குழியின் வாய் நாலு அங்குலம். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை நகருகிற பந்து குழிக்கு நேர் மேலே இருக்கப்போவது ஐந்து நாள், மிஞ்சிப்போனால் ஆறு. அதற்குள் விழுந்தால் ஒரே அடியில் குழி, பவளக்கொடிக்கு ஜெயம், தடம் என்றென்றைக்கும். விழாமல் தாண்டிப்போனால் அந்தப் பக்கம் தரை சரிவு, சரிவுக்குக் கீழே வளைந்து வருகிற அதே ஓடை. எப்போது விழுந்தாலும் ஓடைக்குள்தான், ஆட்டம் தோல்வி, அன்று சாயங்காலமே வேலிக்கம்பி வந்துவிடும். பத்ரிநாத் கம்பிச்சுருளைக் கிளப் வராந்தாவில் இறக்கி வைத்திருந்தார், மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டு.

வெள்ளிக்கிழமை சொட்டு குழிக்கு ஒரு விரல் முன்னால் விழுந்தது. சனிக்கிழமை குழியின் விளிம்பில் விழுந்தது. ஞாயிறன்று காளியம்மன் கோவிலிலும் மாதா கோவிலிலும் பந்தின் பெயருக்குப் பூசை நடந்தது, பந்துக்கு நட்சத்திரம் தெரியாததால் பவளக்கொடியின் நட்சத்திரத்தைச் சொன்னோம். திங்கட்கிழமை முழுக்க முப்பத்திரண்டு வீடும் குழியைச் சுற்றி நின்று உள்ளங்கையைத் தேய்த்தது. பந்து இறங்கவில்லை. அழகுமலை ஒரு மூலையில் உட்கார்ந்து, எந்தத் தவணையை விட்டோம் என்று விரல்விட்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் பவளக்கொடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை. பந்தைப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை, நேராகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள்.

"நிப்பாட்டு" என்றார் சங்கையா.

"என்னங்க, நேரமாச்சுங்க. ஒம்பது மணிக்கு மெஷின். இன்னைக்காவது திட்டாம வாங்களேன்."

"நிப்பாட்டுங்கறேன்ல. பேசாம இரு. எல்லாரும் பேசாம இருங்க."

பேச்சை நிறுத்தினோம். சங்கையா கண்ணை மூடிக்கொண்டார், துவைக்கிற கல்லுக்கு முன்னால் பவளக்கொடி மூடிக்கொண்ட அதே மாதிரி. பந்திலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் குழிக்குள் இருந்த தகரக் கிண்ணத்தில் விழுந்தது. டிங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டிங். மூன்றாவது சொட்டு கிண்ணத்தின் நட்டநடுவில் விழுந்தால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது.

சங்கையா கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

"பவளம். நீ எடுத்த பந்து சரியான பந்து. நீ அடிச்சதும் சரியான அடி. நான் அடிச்சிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது."

பந்து விழுந்தது. சாதாரணமாக, எல்லாப் பந்தும் விழுகிற மாதிரி விழுந்தது, குழிக்குள் போய் இரண்டு தடவை குதித்து அடங்கியது. ஆப்ரகாம் எழுந்து, குனிந்து பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் எழுதினார்: பந்து குழிக்குள் இருக்கிறது, காலை 8.25.

நாங்கள் கூச்சலிடத் தொடங்கினோம், ஆனால் பவளக்கொடியின் முகத்தைப் பார்த்ததும் கூச்சல் பாதியில் நின்றுவிட்டது. அவள் சந்தோஷப்படவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத செவ்வாக்கெழமையே. சொல்ல வாயெடுத்தேன், எறங்குச்சு. நீயுந்தான் பாத்த. இந்தச் சனியன் ஒரு நல்ல வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. அங்கன விழுந்தா குழிக்கு இன்னும் அறுபது அடி. தடம் போச்சுன்னா நீ என்னை முதுகுல தூக்கிக்கிட்டு மலையச் சுத்துவ, எனக்குத் தெரியும். அதான்."

"அதுக்குத் திட்டணுமா? பேசாம வாயப் பொத்திக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"பேசாம இருந்தா மனசுக்குள்ள சொல்லிருவேனோன்னு பயம். மேலே பாக்குறப்பல்லாம் வந்துருதே."

பவளக்கொடி அழுதாள், திட்டினாள், மூன்று வருடத்துக்கும் சேர்த்து எங்கள் முன்னாலேயே திட்டினாள், அவர் தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். இதற்குள் பத்ரிநாத் குடையோடு வந்து சேர்ந்தார். நோட்டைப் படித்தார், குழியைப் பார்த்தார், ஆப்ரகாம் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "தடம் திறந்திருக்கும்" என்றார். "என்றென்றைக்கும்" என்று அழகுமலை எடுத்துக்கொடுத்தார், "என்றென்றைக்கும்" என்று அவரும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே அடியில் குழியில் போட்டவர் அங்கே இருக்கிற எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும் என்பது கிளப் வழக்கம் என்றார். திரும்பி வரும்போது டீ போட்டுத் தருவதாகப் பவளக்கொடி சொன்னாள். அதுவரை பந்தை யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

மெஷினுக்கு நேரமாகிவிட்டது. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு தடத்தில் இறங்கினாள், தேயிலை மேட்டுத் திருப்பம் வரை கூடவே போன எங்களில் சிலருக்கு அவர்கள் பேசியது கேட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த?"

"அப்பச் சொன்னீங்கள்ல. அத."

சங்கையா பழக்கத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மேலே பனி மட்டும் இருந்தது.

"மேல பாக்காதீங்க. அங்க இப்ப ஒண்ணும் இல்ல. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்துச் சொன்னார். எதுவும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை சொல்லிக்கொண்டே போனார்.